ஜூம் லென்ஸோடு டெலிகன்வர்ட்டர்: பறவைப் படம் எடுக்கத் தொடங்குபவர்களுக்கு

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நிற்பவர் ஓர் எல்லைக்கு மேல் பறவைகளை நெருங்க முடியாது. இந்தப் பக்கம் கரை, தண்ணீருக்குள் நீர்க்கடம்பு மரங்கள், அந்த மரங்களில் கூடுகள். இடையில் இருக்கும் தூரத்தை நடந்து குறைக்க வழியில்லை. 600 மி.மீ. வரை போகும் ஜூம் லென்ஸை ஆசையாக வாங்கி வந்தவருக்கும் அங்கே நத்தைகுத்தி நாரை சிறியதாகத்தான் தெரியும். அப்போதுதான் டெலிகன்வர்ட்டர் நினைவுக்கு வரும். பல லட்ச ரூபாய் விலையுள்ள பெரிய பிரைம் லென்ஸுக்கு (ஜூம் செய்ய முடியாத, ஒரே குவியத் தூர லென்ஸ்) பதிலாக, சில பத்தாயிரங்களில் கிடைக்கும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு குழாய். 600 மி.மீ. உடனே 840 ஆகிவிடும் என்கிறார்கள்.

ஆவது உண்மைதான். அதற்கு என்ன விலை கொடுக்கிறோம், பதிலுக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் புரிந்துகொண்டு வாங்கினால் அது அருமையான கருவி. புரியாமல் வாங்கியவர்களுடையது பையின் அடியில் கிடக்கிறது.

உள்ளே நடப்பது என்ன

டெலிகன்வர்ட்டர் கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டப்படுவது. புகைப்படக்காரர்கள் பேச்சில் அது டிசி. கேனான் நிறுவனம் எக்ஸ்டெண்டர் என்று பெயர் வைத்திருக்கிறது. லென்ஸ் உருவாக்கும் பிம்பத்தின் நடுப்பகுதியை எடுத்து, சென்சார் முழுவதும் நிறையும்படி விரித்துத் தருவதுதான் அதன் வேலை. 1.4 மடங்கு, 2 மடங்கு என்ற இரண்டு அளவுகள் பரவலாகக் கிடைக்கின்றன. நிக்கானின் பழைய எஃப் மவுண்ட்டில் (லென்ஸ் மாட்டும் அமைப்பில்) 1.7 மடங்கும் உண்டு.

ஏன் 1.4 என்ற விநோதமான எண்? அது 2-இன் வர்க்கமூலம். நீளத்திலும் அகலத்திலும் 1.4 மடங்கு விரிந்தால் பரப்பளவு இரண்டு மடங்காகும். அதே ஒளி இரண்டு மடங்கு பரப்பில் பரவுவதால், சென்சாரின் ஒவ்வொரு புள்ளிக்கும் பாதி ஒளிதான் கிடைக்கும். ஒளி பாதியாவதைப் புகைப்படக் கணக்கில் ஒரு ஸ்டாப் என்பார்கள். 2 மடங்கு டிசியில் பரப்பளவு நான்கு மடங்கு, ஒளி கால் பங்கு, அதாவது இரண்டு ஸ்டாப் இழப்பு. ஒரு கரண்டி மாவைச் சின்னதாகவும் ஊற்றலாம், கல் முழுவதும் இழுத்தும் தேய்க்கலாம். தோசை பெரிதாகும், மாவு கூடாது.

எஃப் எண் மாறுவதும் இதனால்தான். எஃப் எண் என்பது குவியத் தூரத்தை (லென்ஸின் பெயரில் வரும் 600 மி.மீ. போன்ற எண்) ஒளி நுழையும் வாயிலின் விட்டத்தால் வகுத்துக் கிடைப்பது. சோனியின் 200-600 லென்ஸ் 600 மி.மீ.யில் எஃப்/6.3. 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் சுமார் 95 மி.மீ.; அந்த வாயிலின் அகலம் அவ்வளவுதான். 1.4 மடங்கு டிசி மாட்டினால் 840 மி.மீ., எஃப்/9. 840-ஐ 9-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய அதே எண்தான் வரும். 2 மடங்கு டிசியில் 1200 மி.மீ., எஃப்/13. அப்போதும் அதேதான். முன்பக்கக் கண்ணாடி மாறவில்லை, அது வாங்கும் ஒளியும் மாறவில்லை. 600 மி.மீ. எஃப்/4 பிரைம் லென்ஸில் அந்த வாயில் 150 மி.மீ. பெரிய பிரைமின் விலையும் எடையும் அங்கேதான் இருக்கின்றன. டிசி எதைத் தந்தாலும் அந்த அகலத்தைத் தராது.

ஒளி அளவையும் எஃப் எண்ணையும் கேமரா தானாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். நிறுவனத்தின் சொந்த டிசியாக இருந்தால் படத்தின் விவரங்களில் 840 மி.மீ., எஃப்/9 என்றே பதிவாகும். நீங்கள் எதையும் கூட்டிக் கழிக்க வேண்டாம்.

ஐஎஸ்ஓ பயம் எவ்வளவு சரி

ஒளி குறைந்தால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா ஒளியைப் பெருக்கும் அளவை, கூட்ட வேண்டும்; கூட்டினால் படத்தில் நாய்ஸ் எனப்படும் பொடிப்புள்ளிகள் கூடும் என்பதுதான் பலரின் பயம். வெயில் முழுதாக அடிக்கும் காலையில், பறக்கும் பறவைக்காக 1/2000 நொடி ஷட்டர் வேகம் வைக்கிறீர்கள் என்று கொள்வோம். எஃப்/6.3-இல் ஐஎஸ்ஓ 320 போதும். எஃப்/9-இல் 640 வேண்டும். எஃப்/13-இல் சுமார் 1250. இன்றைய கேமராக்களுக்கு இவை எல்லாமே சுலபம். அதே பறவை மர நிழலுக்குள் போய், ஒளி மூன்று ஸ்டாப் குறைந்துவிட்டால் அந்த எண்கள் 2500, 5000, 10,000 என்று ஆகும். வால்பாறை, டாப்ஸ்லிப் பக்கக் காடுகளின் உட்புறத்தில் ஒளி இதைவிடவும் குறைவு. அங்கே டிசியைப் பையிலேயே விட்டுவிடுவேன்.

ஆனால் தொடக்கக்காரர்கள் பலர் இங்கே ஒன்றைத் தவறவிடுகிறார்கள். டிசி இல்லாமல் எடுத்த படத்தில் பறவை சிறியதாக இருக்கும். வீட்டுக்கு வந்து கிராப் செய்து, அதாவது ஓரங்களை வெட்டி, பெரிதாக்குவீர்கள். பெரிதாக்கும்போது நாய்ஸும் சேர்ந்தே பெரிதாகும். பறவையிலிருந்து லென்ஸுக்குள் வந்த ஒளி இரண்டு வழியிலும் ஒன்றுதான் என்பதால், ஒரே ஷட்டர் வேகத்தில் ஐஎஸ்ஓ 2500-இல் எடுத்துக் கிராப் செய்த பறவையும், டிசியோடு ஐஎஸ்ஓ 5000-இல் எடுத்த பறவையும் இறுதி அளவில் ஏறக்குறைய ஒரே நாய்ஸோடுதான் இருக்கும். எனவே ஐஎஸ்ஓ எண் இரட்டிப்பாகிறதே என்பதற்காக மட்டும் டிசியை ஒதுக்க வேண்டாம். ஒதுக்க வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன.

கிராப் செய்தால் போதாதா

இதுதான் உண்மையான கேள்வி. சிறால் மீன்கொத்தி சுமார் 17 செ.மீ. நீளம். 15 மீட்டர் தூரத்தில் அது உட்கார்ந்திருந்தால், 600 மி.மீ. லென்ஸ் சென்சாரில் அதை 6.8 மி.மீ. நீளத்துக்கு வரையும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் (பெரிய அளவு) சென்சாரில் அது சுமார் 1130 பிக்சல். 840 மி.மீ.யில் 9.5 மி.மீ., சுமார் 1590 பிக்சல். இறகின் விளிம்பையும் கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளியையும் வரைய இத்தனை பிக்சல் கூடுதலாகக் கிடைப்பது பெரிய விஷயம்.

சென்சாரின் பிக்சல் ஏற்கெனவே மிகச் சிறியதாக இருந்தால் கதை வேறு. ஒளி ஒரு வாயில் வழியாகப் போகும்போது, எவ்வளவு நல்ல கண்ணாடியாக இருந்தாலும், ஒரு புள்ளி சின்ன வட்டமாகத்தான் விழும். இந்த விலகல் விளைவை எந்தத் தயாரிப்பாளராலும் தவிர்க்க முடியாது. எஃப்/6.3-இல் அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 8.5 மைக்ரான், எஃப்/9-இல் 12, எஃப்/13-இல் 17. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் ஒரு பிக்சல் 6 மைக்ரான். எஃப்/6.3-இல் அந்த வட்டம் ஒன்றரை பிக்சல்கூட நிரப்பாது. அதாவது லென்ஸ் தரும் நுணுக்கத்தைப் பிடிக்கச் சென்சாருக்குத்தான் போதாமல் இருக்கிறது. அங்கே டிசி நன்றாக வேலை செய்யும். கேனான் ஆர்7 போன்ற 32.5 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் ஒரு பிக்சல் 3.2 மைக்ரான்தான். டிசி மாட்டுவதற்கு முன்பே வட்டம் இரண்டரை பிக்சலைத் தாண்டிவிட்டது. அதை மேலும் விரித்தால் படம் பெரிதாகும், புது விவரம் அதிகம் வராது.

ஆகவே என் கருத்து இது. பெரிய பிக்சல் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவும் நல்ல ஜூமும் வைத்திருப்பவருக்கு 1.4 மடங்கு டிசி பொருத்தமான வாங்கல். அடர்ந்த பிக்சல் உள்ள ஏபிஎஸ்-சி கேமராக்காரர் அந்தப் பணத்தை ஏரிகளுக்குப் போய்வரச் செலவழிக்கலாம். ஜூம் லென்ஸில் 2 மடங்கு டிசியைத் தொடக்கக்காரர் யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். எஃப்/2.8 அல்லது எஃப்/4 லென்ஸோடு சேர்த்தால் அது உயிர் பெறும், எஃப்/6.3 ஜூமோடு சேர்த்தால் பல நேரம் மூச்சு வாங்கும்.

கண்ணாடியின் குறைகளும் விரியும் என்பதை மறக்கக் கூடாது. பல ஜூம்கள் கடைசி முனையில்தான் சற்று மென்மையாகும், நாம் டிசியை மாட்டுவதும் அந்த முனைக்காகவே. உங்கள் லென்ஸ் எப்படி என்று தெரிந்துகொள்ள வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். செய்தித்தாளின் விளம்பரப் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி முக்காலியில் கேமராவை நிறுத்தி, டைமர் வைத்து எடுங்கள். டிசியோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. டிசி இல்லாத படத்தைக் கணினியில் 1.4 மடங்கு பெரிதாக்கி, பொடி எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். டிசி படத்தில் கூடுதலாகச் சில எழுத்துகள் படிக்க முடிந்தால் அது உங்களுக்கு உதவும். முடியாவிட்டால் அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் வாயிலை, கொஞ்சம் மூடியும், ஜூமைக் கடைசி முனைக்குச் சற்று முன்னால் நிறுத்தியும் திரும்ப எடுத்துப் பாருங்கள். சில லென்ஸ்கள் அங்கே நன்றாகத் தெளியும்.

ஃபோகஸ்

டிஎஸ்எல்ஆர் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி உள்ள கேமரா) காலத்தில் டிசியின் பெரிய தடை ஃபோகஸ்தான். அந்தக் கேமராக்களில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் தனியாக, அடியில் இருக்கும். லென்ஸின் எதிரெதிர் ஓரங்களிலிருந்து வரும் கதிர்களை ஒப்பிட்டு அது வேலை செய்யும். எஃப் எண் கூடினால் அந்த ஓரக் கதிர்கள் அதற்கு எட்டாது. பெரும்பாலான கேமராக்களுக்கு எஃப்/5.6 எல்லை. எஃப்/8 வரை தாங்கியவை குறைவு: கேனான் 5டி மார்க் 3-க்கு 2013-இல் வந்த ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) அந்த வசதியை நடுப்புள்ளிக்குத் தந்தது, நிக்கான் டி500-இன் 153 புள்ளிகளில் 15 மட்டும் எஃப்/8-இல் வேலை செய்யும். நிக்கான் 200-500 எஃப்/5.6 லென்ஸோடு 1.4 டிசி மாட்டினால் சரியாக எஃப்/8. டி500-இல் ஓடும், பழைய எளிய கேமராவில் முன்னும் பின்னும் அலைந்துகொண்டிருக்கும். டிஎஸ்எல்ஆரில் எஃப்/6.3 ஜூமோடு டிசி என்றால் எச்சரிக்கையாக இருங்கள்.

அந்தப் பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் படம் பிடிக்கும் சென்சாரிலேயே ஃபோகஸையும் பார்ப்பதால் இந்தத் தடை பெரும்பாலும் போய்விட்டது. கேனான் ஆர்5 எஃப்/22 வரை ஆட்டோஃபோகஸ் செய்யும். பறவையின் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதியும் டிசியோடு வேலை செய்யும். ஆனால் வேகம் குறையும், குறிப்பாக மங்கிய ஒளியில். பின்னணியில் புல்லும் கிளையும் இருந்தால் ஃபோகஸ் அங்கே தாவிவிட்டுத் திரும்ப வர நேரமாகும். லென்ஸில் ஃபோகஸ் எல்லைப் பொத்தான் இருந்தால் அருகாமைத் தூரத்தைத் தவிர்க்கும்படி வையுங்கள்; அலைச்சல் பாதியாகக் குறையும்.

எது எதில் பொருந்தும்

பல டிசிகளின் முன் கண்ணாடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது லென்ஸின் பின்புறக் குழிக்குள் நுழைய வேண்டும். இடமில்லாத லென்ஸில் அழுத்தி மாட்ட முயன்றால் இரண்டு கண்ணாடிகளும் உரசி வீணாகும். ஒரே நிறுவனம் என்பதாலும் பொருந்திவிடாது. கேனானின் முதல் ஆர்எஃப் 70-200 எஃப்/2.8 எந்த எக்ஸ்டெண்டரையும் ஏற்காது. ஆர்எஃப் 100-500 ஏற்கும், ஆனால் 300 மி.மீ.க்கு மேல் நீட்டி வைத்தால்தான். மாட்டிய பிறகு 300-க்குக் கீழே சுருக்க முடியாது. 1.4 மடங்கோடு அது 420-700 மி.மீ., எஃப்/10 வரை. மாட்டியபடியே பைக்குள் வைக்க நீளமான இடம் வேண்டும், பெரிய பறவை திடீரென்று அருகில் வந்தால் பின்வாங்கவும் முடியாது. ஜூம் வைத்திருப்பதன் பயனே பாதி போய்விடுகிறது என்று இந்த ஏற்பாட்டைப் பற்றி எனக்குத் தோன்றும்.

சோனி 200-600, நிக்கான் இசட் 180-600 இரண்டும் இந்த விஷயத்தில் நல்லவை. ஜூம் செய்யும்போது நீளம் மாறாது, முழு வீச்சிலும் டிசி வேலை செய்யும். நிக்கானில் 1.4 மடங்கோடு 252-840 மி.மீ. கேனான் ஆர்எஃப் 200-800 தன் கடைசி முனையில் ஏற்கெனவே எஃப்/9; 1.4 சேர்த்தால் 1120 மி.மீ., எஃப்/13. சோனி கேமராவுக்காக டாம்ரான், சிக்மா செய்யும் ஜூம்களுக்கு டிசியே கிடையாது. எந்த லென்ஸாக இருந்தாலும், அதைத் தயாரித்த நிறுவனம் வெளியிட்டிருக்கும் பொருத்தப் பட்டியலில் உங்கள் லென்ஸின் முழுப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இன்னொரு லாபம் பலர் சொல்வதில்லை. டிசி மாட்டினாலும் லென்ஸின் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் மாறாது. சோனி 200-600 வழக்கம்போல 2.4 மீட்டரிலேயே ஃபோகஸ் ஆகும், பிம்பம் மட்டும் 1.4 மடங்கு பெரிதாகும். தோட்டத்துச் செம்பருத்தியில் தேன் குடிக்க வரும் ஊதாப்பிட்டு தேன்சிட்டு பத்து செ.மீ. பறவை, மூன்று நான்கு மீட்டரில் உட்கார்ந்து அதைச் சட்டகம் நிறைய எடுக்க டிசிதான் மிகச் சரியான துணை. பறவை இல்லாத நேரத்தில் தட்டான்களுக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் அதே ஏற்பாடு போதும்.

தூரத்துப் பறவைக்கு அல்ல

டிசி வாங்குபவர்கள் எல்லோரும் தூரத்துப் பறவையை மனதில் வைத்தே வாங்குகிறார்கள். அது உண்மையில் உதவுவது ஓரளவு அருகில் இருக்கும் பறவைக்கு. நடுவில் இருக்கும் காற்றுதான் காரணம். கோடியக்கரை உப்பளங்களில் முற்பகல் பத்து மணிக்கு மேல், இருநூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் பூநாரைகளைப் பாருங்கள். தரை சூடாகி, கானல் எழும்பி, கால்கள் நெளியும். அந்த நெளிவை 600 மி.மீ.யில் எடுத்தாலும் 1200-இல் எடுத்தாலும் இறகு விவரம் கிடைக்காது. ஃபோகஸ் தவறிவிட்டது, லென்ஸ் பழுது என்று பலர் நினைப்பது பெரும்பாலும் இந்தக் கானலைத்தான். சூரியன் எழுந்த முதல் ஒன்றரை மணி நேரத்தில் வாருங்கள். வெயிலில் நின்ற காரின் பானட்டுக்கு மேலாகவோ தார்ச்சாலைக்குக் குறுக்காகவோ எடுக்காதீர்கள். ஏசி காரிலிருந்து இறங்கியவுடன் எடுத்தால் கடலோர ஈரப்பதத்தில் கண்ணாடி பனிக்கும். அது தெளியும்வரை காத்திருங்கள்.

மேலே சொன்ன மீன்கொத்திக் கணக்கை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். 15 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு அது தானாக வந்து உட்கார்ந்தால், வெறும் 600 மி.மீ.யிலேயே 10.2 மி.மீ. பிம்பம் கிடைக்கும். டிசி தருவதைவிட அதிகம், ஒளியிலும் ஃபோகஸிலும் எந்த இழப்பும் இல்லாமல். மீன்கொத்தி தினமும் திரும்பி வரும் கொம்பைக் கண்டுபிடித்து, பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பது எந்தக் கருவியையும்விட மேலானது.

கூடுகளின் விஷயம் மட்டும் இதற்கு நேர்மாறு. அங்கே நெருங்கவே கூடாது. தாய்ப் பறவை எழுந்து போனால் முட்டை வெயிலில் காயும், காகம் பார்த்துக்கொண்டிருக்கும். கூந்தன்குளத்தில் நாரைகள் வீட்டோர மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. ஊர் மக்கள் அவற்றுக்காகப் பட்டாசு வெடிக்காமல் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் இரண்டடி முன்னால் போவதற்குப் பதில் இரண்டடி பின்னால் நின்று எடுக்க டிசி இடம் தருகிறது என்றால், அதற்காகவே அதை வாங்கலாம். மேய்ந்துகொண்டிருந்த பறவை தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள்.

கையில் பிடித்து எடுக்கும்போது

600 மி.மீ.யில் தெரியும் காட்சியின் அகலம் சுமார் மூன்றரை டிகிரி. 840-இல் இரண்டரை. இந்த ஒரு டிகிரி வித்தியாசத்தில் பறக்கும் பஞ்சுருட்டான் எங்கே போனது என்றே தெரியாமல் போகும். ஜூம் வைத்திருப்பவருக்கு இங்கே பிரைம்காரருக்கு இல்லாத வசதி இருக்கிறது: விரிந்த முனையில் பறவையைக் கண்டுபிடித்து, ஃபோகஸ் பிடித்துவிட்டு, பிறகு உள்ளே போகலாம். இந்தப் பழக்கத்தைக் காகம், மைனாவை வைத்தே மொட்டைமாடியில் வளர்த்துக்கொள்ளலாம். வேகமாகப் பறப்பவற்றுக்கு நான் டிசியைக் கழற்றிவிடச் சொல்வேன். செம்பருந்து போல நிதானமாக வட்டமிடுபவை பரவாயில்லை.

கை நடுக்கமும் 1.4 மடங்காகும். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/1000 நொடியில் தொடங்கி, லென்ஸின் நடுக்கத் தடுப்பை நம்பிப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே தொடர்ச்சியாகச் சில படங்கள் எடுத்தால் ஒன்றாவது கூர்மையாக அமையும். மேனுவல் முறையில் ஷட்டரையும் அபெர்ச்சரையும் நிறுத்திவிட்டு ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுவது எளிது. ஃபோகஸ் ஆழமும் குறுகும்: பத்து மீட்டரில் 840 மி.மீ., எஃப்/9 என்றால் ஏழெட்டு செ.மீ.தான். அலகு நுனியும் வால் நுனியும் சேர்ந்து தெளிவாக வேண்டுமானால் பறவை பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுங்கள். கண்ணில் மட்டும் ஃபோகஸ் இருந்தாலும் படம் நிற்கும்.

மாட்டிக் கழற்றும்போது கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள், காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். கடற்கரையிலும் உப்பளத்திலும் கழற்றவே வேண்டாம். காலையில் வண்டியிலேயே முடிவு செய்துகொண்டு இறங்குங்கள்.

வாங்கும் முன் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது நல்லது. சென்னை போன்ற நகரங்களில் லென்ஸ் வாடகைக் கடைகளிலேயே டிசியும் கிடைக்கும். பழையது வாங்கினால், வெளியே நீட்டியிருக்கும் முன் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா, மின் தொடர்புப் புள்ளிகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் கேமராவில், உங்கள் லென்ஸில் மாட்டி, கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு மைனாவையாவது எடுத்து, திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிக் கண்ணின் விளிம்பைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.